45 எச்பி டிராக்டர், பிரேக் இல்லாத டிரெய்லர்: எவ்வளவு ஏற்றலாம்?

கேள்வி: என் டிராக்டர் 45 எச்பி, எடை சுமார் 2,000 கிலோ. பிரேக் இல்லாத இரண்டு சக்கர டிரெய்லரில் எருவும் மணலும் ஏற்றுகிறேன். எத்தனை டன் வரை இழுக்கலாம்?

பதில்: இழுக்குமா என்றால், சமதரையில் 6 டன்னையும் முக்கி முனகி இழுத்துவிடும். நிற்குமா என்பதுதான் கேள்வி. டிரெய்லருக்கு பிரேக் இல்லாததால் அத்தனை பாரத்தையும் டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சரிவில் 6 டன் டிரெய்லர் கிட்டத்தட்ட 600 கிலோ விசையோடு பின்னாலிருந்து தள்ளும், வளைவில் பிரேக்கை மிதித்தால் டிராக்டரையே பக்கவாட்டில் மடக்கிவிடும்.

பிரேக் இல்லாத டிரெய்லர், சரக்கும் சேர்த்து, டிராக்டர் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று பல டிராக்டர் கையேடுகளில் இருக்கும், அதுவும் மெதுவாகப் போனால்தான். உங்களுக்கு அது 3 டன். மேடு பள்ளமான பாதை என்றால் நான் 2 டன்னோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். உங்கள் கையேட்டில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு.

இனி தொட்டியை அளந்து பாருங்கள். 3 மீட்டர் நீளம், 1.8 அகலம், 0.6 உயரம் என்றால் 3.24 கன மீட்டர். மக்கிய எரு கன மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்தால் 1.9 டன், காலி டிரெய்லர் 1.3 டன், ஆக 3.2 டன், அதாவது எருவிலேயே வரம்பு தாண்டிவிட்டது. அதே தொட்டியில் ஈர மணலை நிரப்பினால் மணல் மட்டுமே 5.8 டன்! மணலுக்குத் தொட்டியில் கால்வாசி உயரத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், மழை நனைத்த எருவும் கனம் கூடும். ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டால் இந்தக் குத்துமதிப்பே வேண்டாம்.

அப்புறம் சரக்கைப் பின்பக்கம் குவிக்காதீர்கள், கொக்கி மேலே தூக்கி பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். முன்னால் அதிகம் குவித்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. சாலையில் இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிவிடுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாறுங்கள், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. மணல்தான் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால் பிரேக் உள்ள டிரெய்லராக மாற்றிவிடுங்கள்.