அம்மா குடிக்கும் பட்டைத் தண்ணீர்

கேள்வி: களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 62 வயது, 60 கிலோ எடை. எட்டு வருடமாகச் சர்க்கரை. நான்கு மாதமாகக் காலையில் ஒரு டீஸ்பூன் பட்டைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். இனி மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: மாத்திரையில் கை வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அவருடைய நம்பிக்கையை நான் தப்பு சொல்லமாட்டேன். 2003இல் பாகிஸ்தானில் சர்க்கரை நோயாளிகள் 60 பேரை வைத்து நடந்த ஆய்வில், பட்டை சாப்பிட்டவர்களுக்கு 40 நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை இறங்கியது. ஆனால் 2012இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 10 ஆய்வுகளை, 577 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எனக்குக் கவலை அந்தப் பொடி எந்தப் பட்டையில் அரைத்தது என்பதில்தான். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா என்ற ரகப் பட்டை. சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கத்துச் சரக்கு. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் ஒரு நாளைய வரம்பு என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். அம்மாவுக்கு 6 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் காசியாப் பொடியிலோ சுமார் 6 முதல் 12 வரை இருக்கலாம். என்றைக்காவது பிரியாணியில் போடுவதால் ஒன்றும் ஆகாது. தினமும், மாதக்கணக்கில் என்பதுதான் சிக்கல்.

இலங்கைப் பட்டை என்கிற அசல் கருவாப்பட்டையில் கூமரின் மிக மிகக் குறைவு. நம் ஊரில் திரளி கொழுக்கட்டைக்கு மடக்குகிற வயணை இலை மரமும் இந்தக் கருவாவின் சொந்தம்தான். சந்தையில் வாங்கும்போது ஒரு துண்டைக் கையில் எடுத்து, முனையைப் பாருங்கள். காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகள் சுருட்டு மாதிரி உள்ளுக்குள் உள்ளாகச் சுருண்டிருந்தால், விரலால் நசுக்கியதும் நொறுங்கினால் அது கருவா. வெளிர் நிறம், இளம் இனிப்பு வாசனை. தடித்த ஒற்றைத் தோலாக, மரம்போல் உடைய மறுத்தால் காசியா. பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் பாக்கெட் பொடி வேண்டவே வேண்டாம். விலை கூடத்தான் செய்யும், ஆனாலும் பட்டையாகவே வாங்கி வீட்டு மிக்ஸியில் அரையுங்கள்.

அம்மாவுக்கு அந்தச் சுவை பிடித்திருந்தால் கருவாவில் அரை டீஸ்பூன் போதும். கல்லீரல் தொந்தரவு இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, மருத்துவரைக் கேட்காமல் அதுவும் கூடாது. நான்கு மாதம் குடித்துவிட்டார் என்பதால், அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது கல்லீரல் பரிசோதனையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அப்புறம், பட்டைத் தண்ணீர் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.