சிறுநீரின் நிறம் சொல்வது என்ன?

கல்லீரல் சுருக்க நோயில் அப்பா இறந்ததையும், உங்கள் ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்ததையும், ‘இது என் மரபணுவில் எழுதியதா டாக்டர்?’ என்ற பயத்தையும் விரிவாக எழுதிவிட்டு, பத்து நாட்களாகச் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவதைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் பதில்.

மரபணுவைச் சீராக்கும் என்று இணையத்தில் வாங்கி ஒன்றரை மாதமாக விழுங்கும் காப்சூலை இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் நிறையக் குடித்தும் நிறம் வெளுக்கவில்லை என்கிறீர்கள். பித்தநீரோடு குடலுக்குப் போக வேண்டிய பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி, ரத்தத்தில் தேங்கிச் சிறுநீரில் இறங்கினால் அப்படி இருக்கும். காப்சூலில் உள்ள, அடர்த்தியாக்கிய பச்சைத் தேயிலைச் சாறு சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும். தேநீராகக் குடிப்பது வேறு, காப்சூலில் அடைத்து விழுங்குவது வேறு. நாளையே அந்தப் புட்டியோடு மருத்துவரிடம் போய் பிலிருபின், ஏஎல்டி (கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி), ரத்தம் உறையும் நேரம் மூன்றையும் பரிசோதியுங்கள். கண் மஞ்சளாகி வாந்தியோ, மனக்குழப்பமோ, அளவுமீறிய தூக்கமோ சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

முடி உதிர்வு, நகத்தில் நீளவாட்டுக் கோடு, ஏப்பம் இவற்றையெல்லாம் கல்லீரலோடு முடிச்சுப் போடாதீர்கள்.

இனி மரபணு. அதை எந்தக் காப்சூலும் திருத்தாது. ஆனால் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய்வெடுக்க வேண்டும் என்பது கல்லீரலில் வேளைக்கு வேளை மாறுகிறது. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி, கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இனிப்புப் பானங்களிலுள்ள ஃப்ரக்டோஸ் வேறொரு வழியில் அதே வேலையைச் செய்கிறது. வயிறு காலியாக இருக்கும் இரவில், இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் குளுகாகன் ஹார்மோன் ஓங்கும். கொழுப்பை எரிக்கும் மரபணுக்களின் முறை அப்போதுதான் வரும். படுக்கப்போகும் வரை கொறித்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் சுருங்கிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பும் குறைகிறது. 53 வயதில் ஸ்கேனில் கொழுப்பு தெரிந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். அதற்காக நீங்களாக ஹார்மோன் மாத்திரை தேடிப் போகாதீர்கள், தயவுசெய்து.

பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் ஒரு வடிவம் கொழுப்புக் கல்லீரலுக்கு வழிவிடுகிறது என்று 2008-இல் கண்டறிந்தது உண்மை. உடல் எடை கூடக்கூட அதன் கேடும் பெருகுகிறது. எடை குறைந்தால் அந்த வடிவம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் கொழுப்பு கரைகிறது. உங்கள் 80 கிலோவில் 6 முதல் 8 கிலோ குறைந்தால் கல்லீரலின் அழற்சியும் தணியும். அதையும் ரத்த முடிவு சீரான பிறகே தொடங்குங்கள்.

அப்பாவுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேருமோ என்ற கேள்விக்கு, கல்லீரலில் வடு இருக்கிறதா என்று பார்க்கும் எலாஸ்டோகிராபி ஸ்கேன் ஓரளவு பதில் தரும். அழற்சி இருக்கும்போது எடுத்தால் விறைப்பைக் கூட்டிக் காட்டும். எனவே அதற்கும் சில வாரங்கள் பொறுத்திருங்கள். ரத்தப் பரிசோதனையை மட்டும் நாளைக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.