பொமரேனியன் ஏன் நொண்டுகிறாள்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் பொமரேனியனுக்கு 4 வயது, எடை 5 கிலோ. நடந்துகொண்டிருக்கும்போதே இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போகிறாள், அப்புறம் காலைப் பின்னால் நீட்டி ஒரு உதறு உதறிவிட்டு வழக்கம்போல ஓடுகிறாள். கிளினிக்கில் முழங்கால் சில்லு விலகுகிறது, இரண்டாம் நிலை என்றார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்யணுமா? மாமியார் கோடாலித் தைலம் தேய்த்துவிடுகிறார். வலிக்குப் பனடால் கொடுக்கலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் தைலத்தை நிறுத்துங்கள் சகோதரி, பனடாலைத் தொடவே வேண்டாம். தைலத்தில் இருக்கும் கற்பூரமும் மற்ற எண்ணெய்களும் நாய் நக்கினால் நஞ்சு, தேய்த்த இடத்தை அவள் நக்காமல் இருக்க மாட்டாள். 500 மில்லிகிராம் பனடால் ஒன்றே 5 கிலோ நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடக்கூடும். வலி மருந்து தேவையென்றால் நாய்களுக்கென்றே இருக்கிறது, மருத்துவர் எடை பார்த்துத் தருவார். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாசத்தில்தானே செய்கிறார்.

சரி, காலுக்கு வருவோம். நம் வீட்டு இழுவைக் கிரில் கதவு கீழே ஒரு பள்ளத்தில் ஓடுகிறது அல்லவா, சில்லும் அப்படித்தான் தொடை எலும்பின் நுனியில் உள்ள பள்ளத்தில் ஏறி இறங்கும். பொமரேனியன், சிவாவா, டாய் பூடில் போன்ற சின்ன இனங்களில் பலவற்றுக்கு அந்தப் பள்ளம் ஆழம் குறைவு, கீழ்க்கால் எலும்பும் சற்று உள்பக்கம் திரும்பியிருக்கும், அதனால் சில்லு உள்பக்கமாக நழுவிவிடுகிறது. நழுவியிருக்கும்போது முழங்காலைச் சரியாக நீட்ட முடியாது, அதற்குத்தான் தூக்கிக்கொள்கிறாள். அந்த உதறலில் சில்லு மறுபடி பள்ளத்தில் வந்து உட்காருகிறது.

இதில் நான்கு நிலைகள். முதல் நிலையில் கையால் தள்ளினால்தான் விலகும். இரண்டில் தானாக விலகித் திரும்பும். மூன்றில் பெரும்பாலும் விலகியே இருக்கும், தள்ளினால் உள்ளே போகும். நான்கில் தள்ளினாலும் போகாது. உங்களுடையது இரண்டு, எப்போதாவது தத்துகிறாள், மற்ற நேரம் நன்றாக ஓடுகிறாள் என்றால் கத்திக்கு அவசரமில்லை.

அவசரம் எடைக்குத்தான். 5 கிலோ இந்த இனத்துக்கு அதிகம், பெரும்பாலான பொமரேனியன்கள் மூன்று, மூன்றரை கிலோவுக்குள் இருப்பார்கள். விலாவில் கை வைத்துப் பாருங்கள், அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். ரொட்டி சானாய்த் துண்டு, பிஸ்கட், தாத்தா ஊட்டும் தயிர்சாதம், எல்லாம் கணக்கில் சேரும். பட்டினி போடாமல், அளந்து போட்டு மெதுவாகக் குறையுங்கள்.

அடுத்தது தரை. அடுக்குமாடி வீட்டு டைல்ஸில் கால் வழுக்க வழுக்க முழங்கால்தான் அடிவாங்கும். அவள் ஓடும் பாதையில் ரப்பர் பாய் போடுங்கள், பாதத்தின் அடியில் வளரும் முடியை வெட்டுங்கள், நகத்தையும் பாருங்கள். சோபாவிலிருந்து குதிப்பதை நிறுத்தச் சாய்வுப் பலகை வையுங்கள், இரண்டு காலில் நின்று கெஞ்சப் பழக்காதீர்கள். வெயிலுக்கு முன் கயிறு பிடித்து மெதுவாக நடத்துங்கள், தொடைத் தசை வலுப்பட்டால் சில்லுக்கு அதுவே பெரிய பிடிமானம்.

தத்துவது அடிக்கடி வந்தால், வலி தெரிந்தால், நிலை மூன்றுக்குப் போனால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். உரசி உரசிக் குருத்தெலும்பு தேய்ந்த பிறகு செய்வதைவிட முன்னமே செய்வது நல்லது. பள்ளத்தை ஆழப்படுத்தி, தசைநார் பிடித்திருக்கும் எலும்பு முனையை நேராக மாற்றிப் பொருத்துவார்கள், பிறகு ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் குதிப்பு கூடாது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. திடீரென்று ஒருநாள் அந்தப் பின்னங்காலை ஊன்றவே மறுத்தால் முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் சிவாவாவுக்கு முதல் நிலைதான், வலியே இல்லை. ஒரு தடவை குட்டி போடவிடலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வேண்டாம் ஐயா. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, தாய்க்கு முதல் நிலை என்றால் குட்டிக்கும் அதோடு நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கருத்தடை செய்துவிடுங்கள், அதன் பிறகு எடை சுலபமாக ஏறும், அன்றிலிருந்தே சாப்பாட்டை அளந்து போடுங்கள்.