கூம்பு நத்தை: ஒரு பேரினமா, எண்பதா?

கேள்வி: பழைய கையேட்டில் ‘கோனஸ் டெக்ஸ்டைல்’ என்று இருக்கும் நத்தை, இன்னொரு நூலில் ‘சிலிண்டர் டெக்ஸ்டைல்’ என்று இருக்கிறது. புதிய பட்டியலில் மறுபடியும் கோனஸ். எது சரி?

பதில்: கோனஸ் என்றே எழுதுங்கள். உயிரினங்களுக்கு இருசொல் பெயர்முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் வைத்த இந்தப் பேரினத்துக்குள்தான் நெடுங்காலம் எல்லாக் கூம்பு நத்தைகளையும் அடக்கிவந்தார்கள். 2009இல் நத்தை ஆய்வாளர்கள் டக்கர், டெனோரியோ இருவரும் ஓட்டின் அமைப்பையும், இரையைக் குத்தும் ஈட்டிப் பல்லின் வடிவத்தையும் வைத்து, இவற்றை எண்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்தார்கள். உங்கள் ‘சிலிண்டர்’ அங்கிருந்து வந்தது.

பல்லை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. புழு தின்பவை, நத்தை தின்பவை, மீன் பிடிப்பவை என்று இரைக்கேற்பப் பல்லின் முட்களும் நீளமும் மாறும். பல் ஒத்திருப்பதால் மட்டும் உறவு நெருக்கம் என்று முடிவுகட்ட முடியாது. பிறகு 300க்கும் மேற்பட்ட இனங்களின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை ஒப்பிட்டபோது ஆழமான கிளைகள் நான்குதான் தெரிந்தன: கோனஸ், கோனாஸ்பிரெல்லா, புரோஃபண்டிகோனஸ், ஒரே ஒரு இனம் கொண்ட கலிஃபோர்னிகோனஸ். சுமார் 85 விழுக்காடு இனங்கள் கோனஸிலேயே அடங்கின. பின்னர் சில சிறு பேரினங்களும் சேர்ந்துள்ளன.

2009ஆம் ஆண்டின் உழைப்பு வீண்போகவில்லை. அந்தக் குழுக்களில் பல உண்மையான கிளைகளே. இப்போது துணைப்பேரினமாக நிற்கின்றன. ஆகவே முழுப்பெயர் ‘கோனஸ் (சிலிண்டர்) டெக்ஸ்டைல்’.

கேள்வி: இனப்பெயரின் பின்னால், பெயரிட்டவரையும் ஆண்டையும் குறிக்கும் ‘லின்னேயஸ், 1758’ என்பது சில இடங்களில் மட்டும் அடைப்புக்குறிக்குள் வருவது ஏன்?

பதில்: பெயரிட்டவர் முதலில் வைத்த பேரினத்திலேயே இனம் இருந்தால் அடைப்புக்குறி கிடையாது, வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் உண்டு. டெக்ஸ்டைலைச் சிலிண்டரில் வைத்தால் ‘(லின்னேயஸ், 1758)’. கோனஸுக்குத் திரும்பினால் அடைப்புக்குறியை எடுத்துவிட வேண்டும். பட்டியலைத் திருத்துவோர் பேரினப் பெயரை மாற்றிவிட்டு இதை மறப்பதுதான் அடிக்கடி நேரும் பிழை.

கேள்வி: மரபணு ஆய்வுக்கு நத்தையை அப்படியே ஆல்கஹாலில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. ஓட்டின் வாய் குறுகல். உடல் உள்ளே இழுத்துக்கொண்டால் ஆல்கஹால் எட்டாமல் சதை அழுகிவிடும். பாதத்திலிருந்து சிறு துண்டு வெட்டி, 95 விழுக்காடு எத்தனாலில் தனியாக வையுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது, மரபணுவைச் சிதைத்துவிடும். துண்டுக்கும் ஓட்டுக்கும் ஒரே எண் இடுங்கள். இடம், ஆழம், தேதி எல்லாம் சீட்டில் இருக்கட்டும். உயிருள்ள கூம்பு நத்தையை மட்டும் கையால் தொடாதீர்கள். கோனஸ் ஜியோகிராஃபஸ் குத்தி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், அதன் விஷத்துக்கு மாற்றுமருந்து இல்லை.