கார்பன் பிடிப்புத் துறைக்குப் போக நினைக்கும் மகள் எந்தப் பிரிவில் சேர வேண்டும்?

டோம்பிவிலியிலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு வணக்கம். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படிக்கும் மகள், ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் கார்பன் பிடிப்புத் துறைதான் வேண்டும் என்கிறாள், அதில் வேலை கிடைக்குமா? ஒரு தனியார் பல்கலைக்கழகம் ‘காலநிலைத் தொழில்நுட்பம்’ என்ற பெயரில் நடத்தும் பி.டெக்.குக்கு முன்பணம் கட்டிவிடலாமா? அல்லது உறவினர்கள் சொல்வதுபோல் கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே சேர்த்துவிடலாமா?

பணம் சம்பந்தப்பட்ட இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். முன்பணம் கட்ட வேண்டாம். ஓ.என்.ஜி.சி., பாரத் பெட்ரோலியம், இந்தியன் ஆயில் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது கெமிக்கல், மெக்கானிக்கல், பெட்ரோலியம் என்று பட்டத்தின் பிரிவைப் பெயர் சொல்லியே அறிவிப்பு வெளியிடுகின்றன. பட்டியலில் இல்லாத புதுப் பெயருள்ள பட்டத்தோடு போனால், பாடத்திட்டம் ஒன்றாகவே இருந்தாலும் விண்ணப்பப் படிவத்திலேயே தடங்கல் வரும். இன்னொரு காரணமும் உண்டு. கார்பன் பிடிப்பு தனி அறிவியல் துறை இல்லை. வேதிப் பொறியியல், இயந்திரப் பொறியியல், உலோகவியல், புவியியல் ஆகியவை ஒரே ஆலையில் சேர்ந்து செய்யும் வேலை அது. இளநிலையில் இவற்றில் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொண்டு, கார்பனை முதுநிலையில் எடுத்துக்கொள்வதுதான் சரியான வரிசை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் எந்தப் பிரிவு என்பதும் தெளிவாகும். நிலக்கரி மின் நிலையத்தின் புகையில் 12 முதல் 15 சதவீதம் கரியமில வாயு இருக்கும். எரிவாயு டர்பைன் புகையில் 3, 4 சதவீதம்தான். வெறும் காற்றில் 0.04 சதவீதம். செறிவு குறையக் குறையப் பிரித்தெடுக்கும் செலவு ஏறும். பரவலாகப் பயன்படும் முறை இது: புகையைக் குளிர்வித்து உயரமான கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள், மேலிருந்து அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்தின் கரைசல் இறங்குகிறது. 40 முதல் 60 டிகிரி செல்சியஸில் அமீன் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கரைசலை இரண்டாவது கோபுரத்துக்கு அனுப்பி, நீராவியால் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு விடுபடும், அமீன் மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும். உங்கள் மகள் இப்போது படிக்கும் ‘அமீன்கள்’ பாடம், ஹென்றி விதி, லெ சாட்லியர் தத்துவம் மூன்றும் இதில் இருக்கின்றன. அவற்றை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துக் கடந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிக்கல் அந்த இரண்டாவது கோபுரத்தில் இருக்கிறது. வழக்கமான அமீனில் ஒரு டன் வாயுவை விடுவிக்க 3.5 முதல் 4 ஜிகாஜூல் வெப்பம் செலவாகும். அந்த நீராவி மின் நிலையத்தின் டர்பைனுக்குப் போக வேண்டியது. அதனால் நிலையத்தின் மின் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறையலாம். புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடும் ஆக்சிஜனும் அமீனைக் கெடுத்து, சூடாக்கினாலும் பிரியாத உப்புகளாக மாற்றிவிடும். கரைசல் நுரைக்கும், குழாய்கள் அரிக்கும், அமீனைத் திரும்பத் திரும்ப வாங்கி ஊற்ற நேரும். கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் கீழே இருந்தால்தான் அமீன் தாங்கும். நம் நாட்டு நிலக்கரி நிலையங்கள் பலவற்றில் கந்தகம் நீக்கும் கருவியே கிடையாது. கனடாவின் பவுண்டரி டாம் நிலையம் 2014இல் தொடங்கியதும் சாம்பல் துகளாலும் அமீன் சிதைவாலும் திணறியது. வெப்பச் செலவைக் குறைப்பது, கரைசலைக் காப்பது, அரிப்பைத் தடுப்பது ஆகியவற்றுக்குத்தான் இந்தத் துறையில் சம்பளம். இவை வேதிப் பொறியாளரும் உலோகவியலாளரும் செய்யும் வேலைகள்.

பிடித்த வாயுவை நிலத்துக்கு அடியில் சேமிக்க வேண்டுமானால் அழுத்த வேண்டும். 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் அது வாயுவும் திரவமும் கலந்த தன்மை கொண்ட அடர்பொருளாகிவிடும். சுமார் 800 மீட்டருக்குக் கீழே பூமியின் அழுத்தமே அதை அந்த நிலையில் வைத்திருக்கும். வாயுவில் ஈரம் மிஞ்சினால் கார்போனிக் அமிலம் உருவாகிச் சாதாரண எஃகுக் குழாயைத் தின்றுவிடும் என்பதால், அழுத்தும்போதே நீரை நீக்கிவிடுவார்கள். கம்ப்ரசர், குழாய், வால்வு எல்லாம் மெக்கானிக்கல் ஆட்களின் பொறுப்பு.

அதற்கு அடுத்தது புவியியல். நார்வே கடலடியில் ஸ்லைப்னர் திட்டம் 1996இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் என்ற அளவில் வாயுவைச் செலுத்தியது. ஆஸ்திரேலியாவின் கார்கன் திட்டமோ ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் என்று கணக்கிட்டு 2019இல் தொடங்கி, அந்த இலக்கை எட்ட முடியாமல் தவிக்கிறது. பாறையின் அழுத்தத்தைத் தணிக்க நீரை வெளியேற்றும் கிணறுகளில் மணல் அடைத்துக்கொண்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிடிக்கும் கருவியை முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கலாம், பாறை எப்படி நடந்துகொள்ளும் என்பது செலுத்திய பிறகே முழுதாகத் தெரியும். அதனால் நல்ல புவியியலாளருக்கு மதிப்பு அதிகம்.

மும்பைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. நீங்கள் குடியிருக்கும் நிலமே தக்காண எரிமலைப் பாறை, பாசால்ட். ஐஸ்லாந்தில் கரியமில வாயுவை நீரில் கரைத்து இதே வகைப் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டே ஆண்டில் 95 சதவீதத்துக்கும் மேல் கல்லாக உறைந்துவிட்டது என்ற முடிவு 2016இல் வெளியானது. ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் நீர் தேவைப்படுவது இதன் பெரிய குறை. மகாராஷ்டிராவின் வறண்ட மாவட்டங்களில் அந்த நீருக்கு எங்கே போவது என்பது யாராவது உட்கார்ந்து தீர்க்க வேண்டிய நல்ல ஆராய்ச்சிக் கேள்வி.

இப்போது வேலை இருக்கிறதா என்ற முதல் கேள்வி. பெரிய அளவில் இன்னும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சலில் என்.டி.பி.சி. அமைத்த பிடிப்பு ஆலையின் திறன் நாளுக்கு 20 டன். 500 மெகாவாட் நிலக்கரி அலகு முழுச் சுமையில் ஓடினால் நாளுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் வெளியேற்றும். ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் 2021இல் தொடங்கியது நாளுக்கு 5 டன். தூத்துக்குடியில் சோடா உப்பு தயாரிக்கும் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை 2016 முதல் கொதிகலன் புகையிலிருந்து பிடித்த வாயுவைப் பயன்படுத்தத் தொடங்கியது, திட்ட அளவு ஆண்டுக்கு 60,000 டன். நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை 2050க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்க வேண்டும் என்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், இன்றைய அளவைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம். உங்கள் மகள் முதுநிலை முடித்து வெளியே வர இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன.

எங்கே நிலைக்கும் என்று கேட்டால், மின்சாரத்தை விட சிமெண்டைக் காட்டுவோம். மின்சாரத்துக்குச் சூரியனும் காற்றும் மலிவான மாற்று வழி. சிமெண்டுக்கு அப்படியில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் போகிறது, அடுப்பை எதனால் எரித்தாலும் இது மாறாது. நார்வேயின் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பு 2025இல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் சிமெண்ட், எஃகு, உரம், அலுமினியம் இறக்குமதிக்கு 2026 ஜனவரி முதல் கார்பன் வரி விதிப்பதால், நம் ஏற்றுமதி ஆலைகள் தங்கள் கார்பன் கணக்கை எழுதிக் காட்டியாக வேண்டும். இந்தக் கணக்கு வேலை இப்போதே இருக்கிறது, கெமிக்கல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள்.

இன்னொரு தைரியமும் சொல்கிறோம். வாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரிப்பது உர ஆலைகளில் பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை. செம்பூரில் இருக்கும் ஆர்.சி.எஃப். ஆலையில் யூரியா தயாராகிறதே, ஒரு டன் யூரியாவுக்குள் சுமார் 0.73 டன் கரியமில வாயு அடங்கியிருக்கிறது. அம்மோனியா தயாரிக்கும்போது பிரித்தெடுத்ததுதான் அது. மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளிலும் அமீன் கோபுரங்கள் உண்டு, அங்கே கந்தக வாயுவைப் பிடிக்கின்றன. பவாய், காஞ்சூர்மார்க், மாலாட் பக்கம் உள்ள எல் அண்ட் டி, டோயோ, டெக்னிமாண்ட் போன்ற வடிவமைப்பு அலுவலகங்களில் இதே கோபுரங்களை வரைபவர்கள் வேலை பார்க்கிறார்கள். கார்பன் பிடிப்பு தாமதமானாலும் கெமிக்கல் படித்த பெண் வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

மும்பையில் முதல் தேர்வு மாட்டுங்காவில் இருக்கும் வேதித் தொழில்நுட்பக் கழகமான ஐ.சி.டி. வேதிப் பொறியியலில் 70 சதவீத இடங்கள் மாநில நுழைவுத் தேர்வான எம்.எச்.டி.-சி.இ.டி. மூலம் மகாராஷ்டிர மாணவர்களுக்கு, மீதி ஜே.இ.இ. மெயின் மூலம் அகில இந்திய அளவில். சி.இ.டி.யில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, எந்தக் கேள்வியையும் விட்டுவிட்டு வரக் கூடாது. ஐ.ஐ.டி. பம்பாயில் வேதிப் பொறியியலோடு எரிசக்தி அறிவியல் துறையும் உண்டு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் கார்பன் பிடிப்பு, பயன்பாட்டுக்கான தேசிய மையமும் அங்கே இருக்கிறது. இன்னொரு மையம் பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தில். இளநிலையில் ஐ.ஐ.டி. கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. இந்த மையங்களுக்குள் ‘கேட்’ நுழைவுத் தேர்வு வழியாக எம்.டெக்.குக்கோ பிஎச்.டி.க்கோ நுழைவதுதான் அதிகம் பேர் போகும் பாதை. புவியியல் பிடித்திருந்தால் பி.எஸ்சி. முடித்து ‘ஜாம்’ தேர்வு எழுதி எம்.எஸ்சி. பயன்பாட்டுப் புவியியலுக்கு வரலாம். ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

சொந்த மாநிலத்திலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வு இல்லை; கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கட்-ஆஃப். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் வெளியில் படித்திருந்தாலும் நேட்டிவிட்டி சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். அந்தக் கலந்தாய்வு வழியாகவே சேரக்கூடிய காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரியின் ‘கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல்’ பி.டெக். பற்றி மும்பைத் தமிழர்களில் பலருக்குத் தெரிவதில்லை. பசுமை ஹைட்ரஜன், பேட்டரி, மின்சாரத்தால் கரியமில வாயுவை எரிபொருளாக்குவது எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த மின்வேதியியல்தான்.

படிக்கும் நான்கு ஆண்டுகளில் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் சான்றிதழ் வகுப்புகள் தேவையில்லை. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும் பாடத்துக்கு ஆயிரம் ரூபாய். இரண்டாம் ஆண்டு முடிவில் டி.டபிள்யூ.சிம் என்ற இலவச மென்பொருளில் அமீன் உறிஞ்சு கோபுரத்தை அவளே கட்டிப் பார்க்கட்டும். ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸீ திட்டம் மாணவர்கள் செய்யும் இத்தகைய ஆலை மாதிரிகளை ஏற்றுக்கொண்டு சான்றிதழும் மதிப்பூதியமும் தருகிறது. கோபுரத்தின் உயரத்தை மாற்றினால் நீராவிச் செலவு எவ்வளவு மாறுகிறது என்று ஒரு வரைபடம் போட்டு விளக்கத் தெரிந்த மாணவிக்கு நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும். மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்கு உர ஆலையோ சுத்திகரிப்பு ஆலையோ கிடைத்தால் நல்லது, குளிரூட்டிய அலுவலகத்தை விட அங்கே கற்பது அதிகம். ஷிஃப்ட் வேலை இருக்கும் என்பது உண்மை. அதைச் சேர்வதற்கு முன்பே அவளோடு பேசிவிடுங்கள். ஷிஃப்ட் வேண்டாம் என்றால் வடிவமைப்பு, ஆராய்ச்சி, கார்பன் கணக்கு என்ற மூன்று வழிகள் திறந்திருக்கின்றன.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி: அவளுக்குக் கணிதமும் நிரலும் வேதியியலை விடப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள். வேதியியல்தான் பிடிக்கும் என்றால், பயத்தால் மாற்ற வேண்டாம். பைதான் எந்தப் பிரிவிலிருந்தும் கற்கலாம். வெப்பப் பரிமாற்றமும் பொருள் பரிமாற்றமும் வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் இல்லாமல் வராது.

கடைசியாக, இந்த வாரமே பார்க்க வேண்டியது காகிதங்கள். மகாராஷ்டிரா ஒதுக்கீட்டில் முதல் வகைக்குள் வர, பத்தும் பன்னிரண்டும் இங்கே முடித்திருக்க வேண்டும், மேலும் அவள் இங்கே பிறந்திருக்க வேண்டும் அல்லது இங்கே நிரந்தரமாக வசிப்பதற்கான டொமிசைல் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பைத் திருநெல்வேலியில் பாட்டி வீட்டில் படித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதல் வகை கிடைக்காது. உங்களிடமோ உங்கள் மனைவியிடமோ டொமிசைல் இருந்தால் இரண்டாம் வகை கிடைக்கும். டொமிசைல் வாங்க 15 ஆண்டு மகாராஷ்டிராவில் வசித்ததற்கான ஆதாரம் கேட்பார்கள்: ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேருங்கள். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் மகாராஷ்டிர மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஐ.ஐ.டி.க்கு வேண்டுமானால் உங்கள் சமூகம் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்திலேயே சான்றிதழ் வாங்குங்கள். மாநிலப் படிவத்தை எடுத்துப் போய்ச் சரிபார்ப்பு மேசையில் இடத்தை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் மே மாதம் முட்டி மோதும், ஜனவரியிலேயே போய்விடுங்கள்.