வாசகர் கேள்வி: ஜிபிஎஸ் கோப்பின் பெயரை எப்படிப் படிப்பது?

கேள்வி: 2020 மார்ச் 1 அன்று அதிகாலை 4.30 முதல் 7 மணி வரை நில அளவைக்காக ஜிபிஎஸ் கருவியில் எடுத்த பதிவை இப்போது மறுபடி கணக்கிடுகிறேன். ஒப்பீட்டுக்கு, பெங்களூரு நிலையத்தின் ‘ஐஐஎஸ்சி0610.20ஓ’ என்ற கோப்பை இறக்கினேன். முதல் ஒரு மணி நேரத்துக்கு அதில் எதுவுமே இல்லை. கோப்பு பழுதா? இந்தப் பெயருக்கு என்ன பொருள்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கோப்பில் பழுதில்லை, முந்தைய நாளின் கோப்பையும் நீங்கள் சேர்த்து எடுத்திருக்க வேண்டும்.

முதல் நான்கு எழுத்துகள் நிலையத்தைக் குறிக்கின்றன. இங்கே அது இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள நிலையம். அடுத்து வரும் 061 என்பது ஜனவரி 1 முதல் எண்ணிய நாள். 2020 லீப் ஆண்டு என்பதால் மார்ச் 1 அறுபத்தோராவது நாளாகிறது. அதன்பின் வரும் 0 முழு நாளின் பதிவு என்பதையும், 20 ஆண்டையும், ‘ஓ’ அவதானிப்புத் தரவு என்பதையும் சொல்கின்றன. அந்த இடத்தில் ‘என்’ இருந்தால் அது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் வழிகாட்டல் செய்தி. ‘ஜி’ இருந்தால் ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களின் வழிகாட்டல் செய்தி.

ஆனால் இந்த நாள் நம் நாட்காட்டியின் நாள் அன்று. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரமும், கோப்பு பின்பற்றும் ஜிபிஎஸ் நேரம் 18 விநாடியும் முன்னால் ஓடுவதால், இந்திய நேரப்படி காலை 5 மணி 29 நிமிடம் 42 விநாடிக்குத்தான் அங்கே புது நாள் பிறக்கிறது. எனவே உங்கள் முதல் ஒரு மணி நேரம் 060 என்ற கோப்பில் இருக்கிறது. லீப் ஆண்டை மறந்து மார்ச் 1-க்கு 060 என எண்ணியிருந்தால், தவறாகவே அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும்!

பெயர் இவ்வளவு சுருக்கமாக இருப்பதற்குக் காரணம், ரைனெக்ஸ் என்ற இந்த வடிவம் 1989-இல் பிறந்தபோது டாஸ் கணினிகள் எட்டு எழுத்துப் பெயரும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் மட்டுமே ஏற்றன என்பதுதான். நான்கு, மூன்று, ஒன்று என எட்டும் நிரம்பிவிட்டன. நான்கெழுத்துக் குறியை உலகின் வேறொரு நிலையமும் வைத்துக்கொள்ள முடியும் என்ற சிக்கலை, ரைனெக்ஸ் மூன்றாம் பதிப்பின் நீண்ட பெயர் தீர்த்தது. அதில் உங்கள் கோப்பு ‘ஐஐஎஸ்சி00ஐஎன்டி_ஆர்_20200610000_01டி_30எஸ்_எம்ஓ’ என்று தொடங்கும். நாடு, முழு ஆண்டு, தொடங்கும் மணி, ஒரு நாள் நீளம், 30 விநாடி இடைவெளி ஆகிய அனைத்தும் அதில் வெளிப்படையாகவே உள்ளன. படிப்பதற்கு நீளம்தான், ஆனாலும் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

செயற்கைக்கோள்களின் துல்லியச் சுற்றுப்பாதைக் கோப்பையும் எடுப்பீர்களானால் இன்னொரு கவனம் தேவை. 2022 நவம்பர் 27-க்கு முந்தைய அக்கோப்புகளின் பெயரில் ஜிபிஎஸ் வார எண்ணும் (1980 ஜனவரி 6 முதல் எண்ணிய வாரம்), ஞாயிறை 0 எனக் கொண்ட கிழமை எண்ணும் இருக்கும். 2020 மார்ச் 1 ஞாயிற்றுக்கிழமை. ஆகவே உங்கள் முதல் மணி நேரத்துக்கு 20946 (வாரம் 2094, சனி), மீதிக்கு 20950 (வாரம் 2095, ஞாயிறு) எனக் கோப்பு மட்டுமன்றி வாரமே மாறிவிடுகிறது, இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.