தடுப்பணையைச் சுற்றிப் போன தண்ணீர்

கேள்வி: ஐயா, தாராபுரம் வட்டம் மூலனூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 7 ஏக்கர் மேட்டாங்காடு (மேட்டுப் புன்செய்; எங்கள் பக்கம் விளைநிலத்தைத்தான் காடு என்போம்). செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. கிழக்கே சரிந்து பள்ளத்தில், அதாவது மழைநீர் ஓடையில், முடிகிறது. சரிவு வாட்டத்தில் 660 அடி, குறுக்கே 460 அடி இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊராட்சி அந்தப் பள்ளத்தில் ஒரு தடுப்பணை கட்டியது. போன ஐப்பசியில் பெய்த ஒரே கனமழையில் தண்ணீர் அணைமேல் வழியாமல், பக்கவாட்டில் என் பூமியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஏறத்தாழ 4 சென்ட் நிலம் போயிற்று. அணைக்குள் முழங்கால் அளவு மண் மேடிட்டிருக்கிறது. கிணற்றிலும் நீர் ஏறவில்லை. அணையை இன்னும் 3 அடி உயர்த்தித் தரும்படி கேட்கலாமா? பண்ணைக்குட்டை வெட்டிப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டால் கிணறு ஏறும் என்கிறார் விரிப்பு விற்பவர். பொக்லைன் வைத்திருப்பவரோ பள்ளத்தை ஆழப்படுத்தினால் போதும் என்கிறார். காட்டை ஒட்டி, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையைப் போன வருடம் சிமெண்ட் சாலையாகப் போட்டார்கள்; அதன் தண்ணீரும் இப்போது என் காட்டில்தான் இறங்குகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அணையை உயர்த்தக் கேட்க வேண்டாம். நீர் கரையை அறுத்ததற்குக் காரணம் உயரக் குறைவு அன்று. பக்கச் சுவர்கள் கரைக்குள் போதிய தூரம் புகுந்திருக்காது. அல்லது நீர் வழிய வேண்டிய நடுப்பகுதி பக்கச் சுவர்களைவிடப் போதிய அளவு தாழ்ந்திருக்காது. பெரும்பாலும் இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கும். இந்த நிலையில் 3 அடி உயர்த்தினால், நீர் இன்னும் உயர்ந்து நின்று அதே பலமற்ற கரையைத் தள்ளும்; அடுத்த மழைக்கு 4 சென்ட் போன இடத்தில் 10 சென்ட் போகும். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. பக்கச் சுவரைக் கெட்டியான மண் எட்டும் வரை கரைக்குள் நீட்ட வேண்டும். அணைக்குக் கீழே நீர் விழும் இடத்தில் கருங்கல் பரப்ப வேண்டும். அறுபட்ட கரையைச் செங்குத்தாக நிற்கவிடாமல் சரிவாகச் செதுக்கி, அடியில் கல் அடுக்கி, மேலே வெட்டிவேரும் நாணலும் நட வேண்டும். பள்ளம் ஓடைப் புறம்போக்கு என்பதால் இவற்றை நீங்களாகத் தொடங்காமல் ஊராட்சியின் வழியாகவே செய்யுங்கள்.

விரிப்பு விற்பவர் சொன்னதை ஏற்காதீர்கள். நீர் மண்ணுக்குள் இறங்கக் கூடாது என்பதற்காகவே குட்டையில் விரிப்புப் போடுகிறோம்; அந்தக் குட்டையால் கிணறு ஏறும் என்று சொல்பவர் தாம் விற்கும் பொருளை அறியாதவராக இருக்க வேண்டும், இல்லையேல் அறிந்தே பொய் சொல்பவராக இருக்க வேண்டும். முருங்கை வாடிப் போகாமல் உயிர்த் தண்ணீர் விடுவதற்கு விரிப்புக் குட்டை உதவும்; அந்த அளவுக்கு மட்டுமே அதற்கு மதிப்பு. பொக்லைன்காரர் மணிக்கணக்கில் கூலி வாங்குபவர். பள்ளத்தின் அடியைத் தோண்டத் தோண்ட நீரின் வேகம் கூடும், இரு கரையும் சரியும், உங்கள் கிணற்றுக்கு ஊற வேண்டிய நீர்கூடப் பள்ளத்தை நோக்கி வடிந்துவிடும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்றே ஆண்டுகளில் அணைக்குள் முழங்கால் அளவு மண் சேர்ந்தது என்றால், அந்த மண் எங்கிருந்து வந்தது? மேலே உள்ள காடுகளிலிருந்தும் உங்கள் காட்டிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும். நீரோடு வரும் நுண்மண் அணையின் அடியில் படிந்து சாணம் மெழுகிய தரைபோல் இறுகிவிடுவதால், தேங்கிய நீர் கீழே இறங்குவதில்லை. கிணறு ஏறாததற்கு முதற்காரணம் இதுவே. ஆகவே ஊராட்சியிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் அனுமதி பெற்று, கோடையில் அந்த வண்டலை வாரி உங்கள் காட்டிலேயே பரப்புங்கள். ஆனால் மண் வரும் வழியை அடைக்காமல் ஆண்டுதோறும் வண்டல் வாருவதில் பொருளில்லை.

ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர். ஒரே மழையில் 40 மி.மீ. பெய்தால் உங்கள் 7 ஏக்கரில் விழும் நீர் 11 லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரியில் 90 நடைக்கும் அதிகம். வறட்சியில் ஒரு நடைக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை நம் பக்கத்துத் தென்னை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், ஆண்டுக்கு 600 மி.மீ. அளவே பெய்யும் நம் பகுதியில், அந்த நீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தாமல் பள்ளம் வரை ஓடவிட்டு, அங்கே ஒரு சுவரை எழுப்பிப் பிடிக்க முயல்வது தலைகீழான வேலை.

நீரை விழுந்த இடத்தில் நிறுத்துவது உழவில் தொடங்குகிறது. டிராக்டர் ஓட்டுநர் திருப்பம் குறையும் என்று நீளவாட்டில், அதாவது சரிவு வாட்டத்தில் உழுகிறார். ஒவ்வொரு உழவுச் சாலும் ஒரு வாய்க்காலாகிறது. உடன் நின்று குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள், கூடுதல் கூலி கேட்டால் கொடுங்கள். மழைக்கு முன் ரோட்டவேட்டர் ஓட்டி மானாவாரி மண்ணைப் பொடியாக்காதீர்கள். பொடி மண்ணின்மேல் முதல் மழை விழுந்ததும் மேற்பரப்பு இறுகி, நீர் உள்ளே போகாமல் வழிந்தோடும்.

சரிவை முதலில் அளந்துகொள்ளுங்கள். கொத்தனார்கள் கையாளும் நீர் நிரப்பிய குழாய் மட்டமே அதற்குப் போதும். 100 அடிக்கு 2 அடி தாழ்கிறது என்றால், மட்டத்தில் இரண்டரை அடிக்குச் சற்று மேல் இறங்கும் இடந்தோறும், அதாவது ஏறத்தாழ 130 அடிக்கு ஒன்றாக, சமமட்ட வரப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகும் வரப்பு, போட வேண்டும். உங்கள் 660 அடிக்கு இடையில் 4 வரப்புகள் வரும். உயரம் 2 அடி, மேல் அகலம் ஒன்றரை அடி, அடி அகலம் ஏழரை அடி. மண்ணை வரப்பின் மேட்டுப் பக்கத்திலிருந்து, தொடர் வாய்க்காலாக இல்லாமல் விட்டு விட்டு எடுங்கள். ஒவ்வொரு வரப்பிலும் ஒன்றரை அடிக்கு மேல் நீர் நிற்காதபடி கல் பதித்த கலிங்கு (மிகுநீர் வழியும் வாய்) ஒன்று வேண்டும். கலிங்கு இல்லாத வரப்பு உடையும், உடைந்த வரப்பு கீழுள்ள வரப்புகளையும் உடைக்கும். நான்கு வரப்புக்கும் சேர்த்து 32 சென்ட் அளவு நிலம் போகும். அது வீண் என்று எண்ண வேண்டாம். அதன்மேல் கொழுக்கட்டைப்புல் விதைத்தால் உங்கள் மாடுகளுக்குத் தீவனம். புதிதாக எடுத்த விதை உறக்கத்தில் இருக்கும் என்பதால் ஆறு மாதமாவது கடந்த விதையை வாங்கி, காற்றில் பறக்காதபடி சாணமும் மண்ணும் சேர்த்து உருட்டி விதையுங்கள்.

இந்தப் புல்லைப் பற்றியும் கிளுவை என்னும் முட்செடி வேலியைப் பற்றியும் நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதவில்லை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகள் வெறும் மேய்ச்சல் நிலங்கள் அல்ல. தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி என்னும் அந்த அமைப்பு, இந்த மண்ணையும் மழையையும் அறிந்தவர்கள் கண்டுபிடித்த மண் பாதுகாப்பு முறை. ஒரே மழையில் கொறங்காட்டிலிருந்து வெளியேறும் நீரையும் பக்கத்து உழவுக்காட்டிலிருந்து வெளியேறும் நீரையும் நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். முன்னது தெளிந்திருக்கும், பின்னது செங்காவியாக ஓடும். அந்தக் கிளுவையை இன்று பொக்லைன் வைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கல்காலும் கம்பியும் நடுகிறோம். கம்பி வேலி ஆட்டைத் தடுக்கும், மண்ணைத் தடுக்காது. கிளுவை வேலி சமமட்டக் கோட்டில் போவதில்லை, நில எல்லையில்தான் போகிறது என்பது உண்மையே. ஆயினும் அதன் அடியில் ஆண்டாண்டாகச் சருகும் மண்ணும் சேர்ந்து உண்டாகும் மேடு, நீரின் வேகத்தைத் தணிப்பதில் எந்தச் சிமெண்ட் சுவருக்கும் குறைந்ததன்று. கோடையில் இலையுதிர்ந்து நிற்கும்போது போத்து (நடுவதற்கான கிளை) வெட்டி, முதல் மழைக்கு முன் நெருக்கமாக நடுங்கள். செலவு, நடுகிற ஆள்கூலி மட்டும்தான்.

இதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதல் வரியாகப் படித்தேன். இரு புறமும் கிளுவை நிற்க, நடுவே மணல் பரந்து கிடந்த இட்டேரி, மழைநீரை உறிஞ்சி மெல்ல நடத்தியது. சிமெண்ட் போட்டபின் அரை கிலோமீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள சாலையில் 40 மி.மீ. மழை விழுந்தால் 60,000 லிட்டர் நீர் ஏறக்குறைய முழுவதும் ஒரே கோட்டில் ஓடிவரும். மேல்காடுகளின் வேலி போன இடங்களில் அவற்றின் நீரும் அதனுடன் சேரும். அது உங்கள் காட்டின் மூலையில் இறங்கிப் பள்ளத்தை அடையும்போது எந்தத் தடுப்பணைக்கும் அடங்காது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளைந்ததை ஏற்றிச் செல்லவும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும் சாலை வேண்டும். ஆனால் இட்டேரியில் சாலை போடும் ஊராட்சி, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு குறுக்கு வடிகால் வைத்து, காட்டுக்காரர்களின் சம்மதத்துடன் நீரை அந்தந்தக் காட்டு வரப்புக்குள்ளோ ஊர்க் குட்டைக்குள்ளோ திருப்பிவிட வேண்டும். போட்டு முடித்த சாலையிலும் இதைச் செய்ய முடியும்.

1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மண் பாதுகாப்பையும் நீர்வடிப்பகுதி மேம்பாட்டையும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாகப் பதினொன்றாம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. எனவே நீங்கள் கேட்பது சலுகை அன்று. மார்ச் 22 உலக நீர் நாளன்று கூடும் கிராம சபைக்குத் தனியாகப் போகாமல், மேல்காட்டுக்காரர்கள் நால்வரையாவது அழைத்துப் போங்கள். உங்கள் வரப்பு மட்டும் நின்று, மேலே உள்ளவர்களின் நீர் கட்டுக்கடங்காமல் வந்தால் உங்கள் வரப்பும் நிற்காது. புல எண், புலப்படத்தின் நகல், அறுபட்ட கரையில் அளவு நாடா பிடித்து எடுத்த படம் ஆகியவற்றை இணைத்து, பக்கச் சுவர் நீட்டிப்பு, சாலைக்குக் குறுக்கு வடிகால், மேல்காடுகளுக்குச் சமமட்ட வரப்பு ஆகிய மூன்றையும் ஒரே தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்கள். வரப்புக்கு மட்டம் பார்த்துத் தர வேளாண் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். “தடுப்பணை உயர்த்துதல்” என்ற சொல் தீர்மானத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வந்துவிட்டால் கட்டுவதற்கு ஆள் உடனே கிடைப்பார்கள், மற்ற மூன்றும் நின்றுவிடும்.

வரும் ஐப்பசியில் முதல் கனமழை பெய்யும்போது, உங்கள் கடைசி வரப்பின் கலிங்கில் ஒரு கண்ணாடிப் புட்டி நீரும், சாலை நீர் இறங்கும் மூலையில் ஒரு புட்டி நீரும் பிடித்து, அசையாமல் ஓர் இரவு வைத்திருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எத்தனை விரற்கடை மண் தங்கியிருக்கிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள். கிணற்று விஷயத்தை அதை வைத்துப் பேசலாம்.